தட்டிவிட்ட மாத்திரை

கம்பெனி நர்ஸாக நான் வாங்கிய திட்டுகளிலேயே பெரியது, ஒரு மாத்திரையைத் தட்டிவிட்டதற்காக வாங்கியது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. அன்று ஷிப்மெண்ட். அயர்னிங் மாஸ்டர் சுப்பிரமணியைக் கைத்தாங்கலாக என் அறைக்குக் கூட்டிவந்தார் அவருடைய மைத்துனர், கட்டிங் மாஸ்டர் செல்வராஜ். சுப்பிரமணிக்கு நெஞ்சைப் பிசைகிற வலி, சட்டையெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு பி.பி. பார்த்தேன். இறங்கியிருந்தது.

செல்வராஜ் ஏற்கெனவே இதய நோயாளி. தன்னிடம் இருந்த சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரையை எடுத்து மாமனின் நாக்கடியில் வைக்கப் போனார்.

“வேற மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களாங்க?” என்று சுப்பிரமணியிடம் கேட்டேன்.

“இல்லீங்க சிஸ்டர்.” சொல்லும்போது, வாசலில் கூடி நின்ற டெய்லர் பெண்களைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. செல்வராஜின் கையைத் தட்டிவிட்டேன்.

“ஏனுங்க, எங்க மாமனக் கொல்லப் பாக்கறீங்களா? என்ற உசுரக் காப்பாத்துன மாத்திரைங்க இது!”

“எல்லாரும் வெளிய போங்க. நீங்களுந்தான் அண்ணா!”

கதவைச் சாத்தினேன். ஒரு பெண் வேற்று ஆணிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்டேன். “பவர் மாத்திரை போட்டீங்களா?”

கண்ணை இறுக மூடிக்கொண்டார். “நேத்து ஒண்ணு... ஊட்ல சொல்லிராதீங்க.”

ரத்தக் குழாயின் உட்சுவரில் ஈ-நாஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்கும். குழாயைத் தளர்த்தி விரிப்பது அந்த வாயுதான். சார்பிட்ரேட் அதே வாயுவை வெளியிலிருந்து கொடுக்கிறது. ஆண்மைக் குறைக்குப் போடுகிற பவர் மாத்திரையோ அதன் வேலையை அடங்கவிடாமல் நீட்டிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பி.பி. அதலபாதாளத்துக்குப் போய்விடும், ஆளே போய்விடலாம்.

டாக்டரிடம் போனில் கேட்டு ஆஸ்பிரின் மட்டும் மென்று விழுங்கக் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை கதவை இடித்து இடித்துத் திட்டினார் செல்வராஜ். ஆம்புலன்ஸில் வந்தவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். ஸ்டென்ட் வைத்தார்கள், சுப்பிரமணி பிழைத்தார். செல்வராஜ் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோயாளியின் ரகசியம், நான் வாய் திறக்க முடியாது.

சர்க்கரை, சிகரெட், ரத்தக் கொதிப்பு எல்லாமே ஈ-நாஸை முடக்கும்; குழாய் சரியாக விரியாது. ஆண்கள் மெடிக்கலுக்கு ஒளிந்து போகிறார்களே, அந்தக் குறைதான் பலருக்கு இதயம் கெடப்போவதன் முதல் அறிகுறி. அதை யார் வெளியில் சொல்கிறார்கள்?

வேலைக்குத் திரும்பிய அன்று சுப்பிரமணியே செல்வராஜை என் அறைக்கு இழுத்துவந்தார்.

“சிஸ்டர், அந்தக் கேள்விய இவங்கிட்டயும் கேளுங்க. எனக்கு அத வாங்கிக் குடுத்ததே இவந்தானுங்க. சார்பிட்ரேட்டோட சேந்தா ஆபத்துன்னு தெரியாம இவனும் போடறானுங்க.”

செல்வராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ரெண்டுஞ் சேரக் கூடாதுன்னு ஆருங்க சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. சார்பிட்ரேட் எழுதிக் கொடுத்த டாக்டருக்குக் கேட்கக் கூச்சம், இவருக்குச் சொல்லக் கூச்சம். பிள்ளைகளே, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டுவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.