கேரம் போர்டில் ஓட்டிப் பார்த்த வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அப்பாவின் கேரம் போர்டை இறக்கினேன். வீட்டில் நான் மட்டும்தான், கூட ஆட ஆள் இல்லை. இருந்தாலும் பவுடரைத் தூவி ஸ்ட்ரைக்கரை மெதுவாகத் தட்டிவிட்டேன். நேராகப் போகாமல் இடப்பக்கம் ஒதுங்கிப் போனது. டேபிள்தான் கோணலோ என்று போர்டை அரைச்சுற்று திருப்பி வைத்தேன். இப்போது வலப்பக்கம் போனது. போர்டுதான் கடல்காற்றில் வளைந்திருக்கிறது. அப்பா எப்போதும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து ஊரையே ஜெயித்த ரகசியம் இதுதானோ என்று சிரிப்பு வந்தது. உடனே கரீம் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

சின்ன வயதில் கரீம் பக்கத்து வீட்டுப் பையன். ராயபுரத்தில் எனக்கு இருந்த ஒரே தோஸ்து. பவுடர் வாசனை என்றாலே அவன்தான். நாங்கள் அதைக் காய்க்குப் போட்டதைவிட, நாங்களே செய்த விளையாட்டு வண்டியின் அச்சுக்குப் போட்டதுதான் அதிகம். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கட்டை, சைக்கிள் கம்பியில் அச்சு, தேய்ந்த ரப்பர் செருப்பில் வெட்டிய நாலு சக்கரம். தள்ளக் கூடாது, சரிவில் தானாக ஓடவேண்டும். சரிவுக்கு காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனிப் பலகை இருந்தது. ஐஸ் பார்களை மேலிருந்து லாரிக்குச் சறுக்கிவிடும் நீளப் பலகை, இரண்டு பக்கமும் விளிம்பு வைத்தது. படகெல்லாம் கடலுக்குப் போன மத்தியானங்களில் காய்ந்து சும்மா கிடக்கும். நேராகப் போகிற வண்டி அதில் பறக்கும். கொஞ்சம் ஒரு பக்கமாக இழுத்தாலும் விளிம்பில் உரசி நின்றுவிடும்.

அதனால் அச்சைச் சரிபார்ப்பதில்தான் எல்லாம். போர்டில் வண்டியை விட்டு, கரீம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். வண்டிப் போட்டிக்கு முந்தின நாளும் அப்படித்தான் பார்த்தான்.

"மாமு, லெஃப்ட்ல இழுத்துகினு போவுது. முன் அச்ச லேசா நெம்பு."

நேராகப் போகும்வரை நெம்பினேன்.

"ஐஸ் பலகையில ஒரு தபா உட்டுப் பாத்துக்கலாமே," என்றான்.

"எங்கப்பா போர்டுடா இது. இதுல நேரா போனா எங்கியும் நேராத்தான் போவும்."

இன்றைக்கு எண்ணூரில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். இந்தக் கதையை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

போட்டிக்குக் காலடிப்பேட்டைப் பசங்கள் வந்திருந்தார்கள். எங்கள் வண்டியைத் தூக்கி வந்தது கரீம். விட்டதும் நாலடி போய் வலப்பக்க விளிம்பில் உரசி நின்றது. போர்டின் பள்ளம் இடப்பக்கம், அதற்கு ஈடாக நான் நெம்பியது வலப்பக்கம். பலகையில் பள்ளம் இல்லை, என் நெம்பல் மட்டும் இருந்தது. இது போன ஞாயிறுதான் புரிந்தது. அன்று புரிந்ததெல்லாம் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பதுதான்.

"இன்னாடா பண்ணே வண்டிய?"

"சத்தியமா அச்சுல கையே வெக்கல மாமு."

"அப்ப எப்பிடி கோணிச்சு? அவனுங்க கையில இன்னா வாங்கித் துன்ன?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கரீம் வண்டியை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்துவிட்டுப் போனான். மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாகப் பள்ளிக்குப் போனான். நான் தனியாக வண்டி விட்டுப் பார்த்தேன். விளிம்பில் உரசினாலும் ஒவ்வொரு தடவையும் நான்தான் முதல். ஒரு வாரத்தில் அதுவும் விட்டுப்போனது.

நேற்று பழைய தெருவுக்குப் போனேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. எங்கள் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஐஸ் கம்பெனியும் இல்லை. மூலையில் மீன் விற்கிற அம்மாவுக்கு மட்டும் எங்களைத் தெரிந்திருந்தது.

"கரீமா? அவுங்க மீஞ்சூர் பக்கம் போயி எத்தினியோ வருசமாச்சு. போன மழையில அந்தப் புள்ள தவறிப்பூட்டான் நைனா. உனுக்கு யாரும் சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அந்தத் தெருவில் எனக்கு எதையும் ஓடிவந்து சொல்ல இருந்தவன் அவன் ஒருவன்தான்.