சும்மா ஒரு மொழி

ஜூலை இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மலைப்பக்கம் மூட்டம், கொடைரோட்டில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எனக்கு அன்று ஒன்பது வயது, இரண்டு மாதம். எதையும் வாய்விட்டு எண்ணுவது அப்போதே என் வழக்கம்.

அக்கா மதுரையில் கல்லூரி முதல் வருடம். தினமும் ரயிலில் போய் வருவாள். அங்கே மாலையில் ஒரு மணி நேரம், விரும்பியவர்களுக்கு வெளிநாட்டு மொழி சொல்லித்தந்தார்கள். பரீட்சை இல்லை, மார்க்கும் இல்லை. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் மூன்றில் ஒன்று. கட்டணம் பன்னிரண்டு ரூபாய். அப்பாவின் கையெழுத்தோடு அன்றே படிவத்தைக் கொடுத்தாக வேண்டும்.

முதல் நாளே வந்து தங்கியிருந்த மாமா காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஜெர்மன் படி தாயி. திண்டுக்கல் தோல் ஷாப்புல ஜெர்மன்காரனுக்குக் கடுதாசி எழுதுற வேலையாச்சும் கிடைக்கும்."

"வேலைக்கு இல்ல மாமா."

"பெறகெதுக்கு? துட்டு கேப்பானுகளே!"

"இந்த வீட்டுல நான் தமிழ்ல சொல்றதயே ஒருத்தரும் கேக்குறதில்ல" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

மூன்று மொழிகளின் எழுத்துகளும் இருந்த தாளை அக்கா என்னிடம் தந்திருந்தாள். விரல் வைத்து எண்ணினேன். பிரெஞ்சுக்கு இருபத்தாறு, ஜெர்மனுக்கு முப்பது, ரஷ்யனுக்கு முப்பத்து மூன்று. அதே பணத்துக்கு ஏழு எழுத்து கூடுதல் என்று அவள் காதில் சொன்னேன். சிரித்துக்கொண்டே ரஷ்யனுக்கு நேராகக் குறி போட்டாள்.

தோட்டத்திலிருந்து மல்லிகைக் கூடையோடு வந்த அப்பா படிவத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எதுக்குத்தா இது?"

"சும்மாதாம்ப்பா."

"கேட்டியா மாப்ள, சும்மா சொல்லித் தர்றாங்களாம். துட்டில்லாத படிப்புக்கு நம்ம எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆசைக்குப் படிக்கிறேன் என்று அக்கா சொன்னது அவர் காதில் இலவசம் என்று விழுந்துவிட்டது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. திருத்தப்போன அக்காவின் தாவணியைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனேன்.

"பன்னெண்டு ரூவாய்க்கு எங்கடா போவேன்?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

என் மண் உண்டியலை உடைத்தேன். நாலு ரூபாய் முப்பத்தைந்து காசு. குறைந்திருக்குமோ என்று பயந்து இரண்டாம் முறையும் எண்ணினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா பூ நிறுத்துக்கொண்டிருந்தார்.

செத்த நேரத்தில், சீசன் டிக்கெட்டுக்கான பணத்தை அக்கா கையில் வைத்துவிட்டு அவர் கூடையோடு போய்விட்டார். எண்ணிப் பார்த்தால் ஏழு ரூபாய் அறுபத்தைந்து காசு கூடுதல்! ஒரு பிடிப் பூவுக்கு வியாபாரியோடு மல்லுக்கு நிற்கிற மனிதர் கணக்கில் பிசகிவிட்டார் என்று குதித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சித்திரைக்குள் அவள் ரஷ்யன் கதைப்புத்தகத்தைத் தானே வாசித்துத் தானே சிரித்தாள். எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு. எழுத்தை எண்ணி மொழியைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று மற்ற நாற்பது வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவை ஏமாற்றிய பெருமையும் வெகுகாலம் இருந்தது. எங்கள் சுவர் மெல்லியது, ஆங்கிலப் படிவத்திலும் 12 என்பது 12தான் என்பதெல்லாம் அந்த வயதில் தோன்றவில்லை. முழுப் பணத்தையும் தந்திருக்கக்கூடியவர், என் பங்கை எனக்கென்று விட்டுவைத்தார்.

உண்டியலின் விலை பதினைந்து காசையும் சேர்த்தால், எனக்கு ஆன செலவு நாலரை ரூபாய்.