ஆனியில் இரண்டு துவாதசி

நடேஷ் ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டது சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில். கடலூரில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் பதினோரு வருஷமாகச் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். முப்பத்தாறு வயதில் திடீரென்று ஞானோதயம் வந்து, போகவர போனில் வீடியோ பார்த்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய லேப்டாப்பில் எழுதிப் பழகினான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது, அதுதான் வினை.

அவன் உருப்படியாக முடித்த முதல் ப்ரோக்ராம், அப்பா அம்பலத்தின் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று சொல்வது. அவர் போனது ஆனி மாதத் தேய்பிறை துவாதசியில். பஞ்சாங்கத்தை நாள் நாளாகப் பார்த்து டைப் செய்து ஏற்றியிருந்தான். வருஷத்தைக் கொடுத்தால் தேதி வந்து நிற்கும். அம்மா தில்லையம்மாளுக்கு வாயெல்லாம் பல். மேல வீதியில் பூ வாங்கப் போன இடத்தில்கூட, இனிமேல் யாரையும் கேட்க வேண்டாம், என் பிள்ளை மிஷினே சொல்லிவிடும் என்று அளந்துவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் அது ஆனி இரண்டாம் தேதி என்றது. அம்மா காலண்டரைப் புரட்டிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மாசக் கடைசியிலயும் ஒரு துவாதசி வருதுப்பா. ரெண்டு வந்தா பின்னால வர்றதத்தான் நம்ம வூட்டுல எடுப்பாங்க."

நடேஷ் போன நாலு வருஷத்தையும் போட்டுக் காட்டினான். நாலும் சரியாக வந்தது. அந்த நாலு வருஷமும் ஆனியில் ஒரே ஒரு தேய்பிறை துவாதசிதான் இருந்தது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது, உனக்குத்தான் குழப்பம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான். அம்மா காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். அவர்கள் வீட்டில் ஐயரை அழைக்கும் வழக்கமில்லை. இரண்டாம் தேதியே படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, மகன் விழுந்து கும்பிட்டு முடித்தான்.

ஆனி முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் வேலை விட்டு வந்தவன், மாடிச் சுவரில் இலைத்துண்டு கிடப்பதைப் பார்த்தான். அதில் காய்ந்துபோன சோற்றுப் பருக்கை. உள்ளே வடை, வாழைக்காய்ப் பொரியல். அப்பா படத்துக்குப் புதுச் சரம். திதி நேரம் மதியத்தோடு போய்விட்டது. கும்பிட வேண்டிய மகன் அப்போது கடலூரில் போல்ட் நட்டு பிரித்துக்கொண்டிருந்தான்.

லேப்டாப்பைத் திறந்தான். கோளாறைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு துவாதசி கிடைத்ததும் தேடுவதை நிறுத்து என்று அவனேதான் எழுதியிருந்தான். மாதத்தின் மீதி நாட்களை அது பார்க்கவே இல்லை. அந்த ஒரு வரியை எடுத்ததும், ஆனி முப்பத்தொன்று என்று சமர்த்தாகச் சொன்னது. அம்மா வந்து சொன்ன அன்றைக்கே இந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழித்திருக்கலாம். அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

காலையில் கிளம்பும்போதாவது சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் கேட்டான்.

"நீ ஆசையா செஞ்சது. அது தப்புன்னு நானே எப்பிடிப்பா சொல்றது?" என்றாள் அம்மா, இலையைப் போட்டு வடையை எடுத்து வைத்தபடி. "அப்பாகிட்ட, புள்ளைக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லிட்டேன். உக்காரு, சாப்புடு."