ஒருசந்தி என்று நான் சொன்ன பொய்

என் பெயர் ஸ்டெல்லா. ஆட்டையாம்பட்டியில் தறிப்பட்டறை வேலை. சொல்லப்போவது வெட்கக்கேடான சங்கதிதான். முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

மூன்று வருடமாக எனக்கு மலச்சிக்கல். பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆனாலும் வெளியே போகாது. பேதி மாத்திரையை ஒளித்து வைத்துத் தின்பேன். வயிறு மாசமானவள் வயிறு போல உப்பிக்கொள்ளும். சாப்பிட்டால் வாந்தி.

போன தவக்காலத்தில் ஒரு சாக்குக் கிடைத்தது. சாப்பிடச் சொன்னவர்களிடம் ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு என்றேன். எங்கள் தெரு செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் என்னைக் கும்பிடாத குறை. பங்குச்சாமியார் பிரசங்கத்திலேயே என்னைப் பாராட்டிவிட்டார். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு ஏது வாய்?

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் மயங்கி விழுந்தேன். சேலத்து ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் சவரி, "நாப்பது நாளா ஒருசந்திங்க சார், அதான் மயக்கம்" என்றார். குளுக்கோஸ் பாட்டில் இறங்கினதும் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனால் செத்துவிடுவேன் என்று தெரிந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை, அவ்வளவு வீம்பு. படுத்தபடியே செபித்தேன். "ஆண்டவரே, குணமாக்கு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்த வாயை மட்டும் திற."

திறந்தார். "ஏனுங்க, ஒருசந்தி இல்லீங்க. வெளிய போயி பதினாலு நாளாச்சுங்க" என்றேன். சவரி என் முகத்தையே பார்த்தார். "அடிப்பாவி, செத்துப் போயிருப்பியே புள்ள!" என்று டாக்டரிடம் ஓடினார்.

ஸ்கேனில் பெருங்குடல் வீங்கிக் கிடந்தது. அடைப்பு இல்லை, தள்ளுகிற சக்திதான் போய்விட்டதாம். குடலை அறுத்து எடுக்கலாம் என்றால், சோதித்ததில் என் இதயமும் பலவீனம், அது தாங்காது என்றார்கள். முதலில் ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுக் காற்றை இறக்கினார்கள். சில வாரம் கழித்து, எண்டோஸ்கோப்பியிலேயே வயிற்றில் சின்னத் துளை போட்டு, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு குழாய் வைத்தார்கள்.

"குடல் பழையபடி ஆகாதும்மா. தண்ணி விட்டுக் கழுவித்தான் காலம் ஓட்டணும்" என்றார் டாக்டர்.

அப்படித்தான் ஓடுகிறது. தினமும் காலையில் குழாயில் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழிவறையில் உட்கார்ந்திருக்கிறேன். குழாய் போட்ட இடத்தில் இரண்டு தடவை சீழ் பிடித்தது. வலியில் ஆண்டவரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். தண்ணீர் விட்ட முதல் நாள், எல்லாம் வெளியேறியபோது அங்கேயே அழுதுகொண்டு நன்றி சொன்னேன். சொல்லத் தகுந்த இடமா என்று யோசிக்கவில்லை.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு என்னைப் புண்ணியவதி என்றவர்களும் உங்களில் இருக்கிறீர்கள், உங்களிடமும் சொல்லியாக வேண்டும். உங்களில் யாராவது வெட்கப்பட்டு ஒரு நோவை மறைத்து வைத்திருந்தால், இன்றைக்கே ஆண்டவரிடம் சொல்லுங்கள். நாளைக்கு டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கான தைரியத்தை அவர் தருவார். எனக்கே தந்தாரே.