மார்கழியில் நான் நடத்திய வௌவால் சாவுச் சடங்கு

கொசு குறையட்டுமென்று எங்கள் கொல்லையில் வௌவால்களுக்குப் பலகைப் பெட்டி மாட்டியிருந்தேன். கோடையெல்லாம் ஒரே கீச்சுச் சத்தம். மார்கழிக் குளிரில் சத்தமே இல்லை. திறந்தால், எல்லாம் விறைத்துத் தொங்கின. குச்சியால் தொட்டும் அசையவில்லை.

"அய்யோ, செத்துப்போச்சே!" என்று முறத்தில் தள்ளி, குழி வெட்டி, செம்பருத்திகூட வைத்தேன். மண்ணை அள்ளும்போது, வெயில் பட்ட 'பிணம்' ஒன்று வாயைப் பிளந்து கத்தியது. மண்வெட்டி ஒருபக்கம், நான் ஒருபக்கம். உயிரோடு புதைக்கப் பார்த்தேனே என்று எல்லாவற்றையும் குழியிலிருந்து மறுபடி முறத்தில் எடுத்துவைத்தேன்.

ஓடிவந்த மனைவி, "குளிருக்குத் தூங்குதுங்க! நீங்களுந்தான் எட்டு மணிவரைக்கும் இப்பிடிக் கெடக்கறீங்க, நான் குழி வெட்டினனா?" என்றாள்.

முறத்தைப் பெட்டியடியில் வைத்தோம். சாயங்காலத்துக்குள் எல்லாம் பறந்துவிட்டன.

இப்போது மார்கழியில் பெட்டியைத் தொடுவதில்லை. நானும் ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறேன். மண்வெட்டி வீட்டில்தானே இருக்கிறது!