சாட்சிக் கையெழுத்து

மக்கா, உங்கள் அப்பா ஒரு பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்.

எங்கள் கடை முதலாளிக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டது. கடியப்பட்டணத்து மீனவர் சகாயம், வள்ளத்துக்கு எஞ்சின் வாங்குவதற்காகத் தன்னுடையதில் ஒன்றை விற்றார். விற்பது குற்றம். அதனால் "நண்பருக்குப் பாசத்தில் தருகிறார்" என்ற தாளில் நானும் கையெழுத்திட்டேன்.

முதலாளி பிழைத்தார். கடவுளுக்கு நன்றியாக அவர் போட்ட ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் எழுதியிருந்ததை, வழக்கம்போலச் சபையில் உரக்க வாசித்தார்கள். சகாயத்தின் பெயரே இல்லை.

வெளியே வந்ததும் முதலாளியிடம் கேட்டேன்: "அண்ணாச்சி, எஞ்சின் வந்தும் வள்ளம் தள்ள ஒடம்புல தெம்பில்லாம கெடக்காரு அந்த மனுசன். பேரையாவது சொல்லப்பிடாதா?"

"வெலைக்கு வாங்குன சாமானுக்கு ஆருடே நன்றி சொல்லுவா?" என்று சிரித்தார்.

மனிதனின் உடம்பு சாமானா? எனக்குக் கொதித்தது. ஆனால் அப்படி ஆக்கியதில் என் கையெழுத்தும் உண்டே!

அடுத்த ஞாயிறு, யாரும் வருமுன் காணிக்கை உறையொன்றில் எழுதினேன்: "முதலாளியின் உயிருக்காகச் சகாயத்துக்கு நன்றி. பாசம் என்று நான் கையெழுத்திட்டது பொய்." என் பெயரையும் எழுதிப் பெட்டியில் போட்டேன்.