பங்கு போடாத வண்டி

போன வாரம் மன்னார்குடியிலிருந்து கல்யாணப் படம் எடுக்கும் இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என் பழைய மோட்டார் சைக்கிளை ஒரு நாள் வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் அதன்மேல் உட்கார, பின்னால் பச்சை வயல் தெரிய, படம் எடுக்க வேண்டுமாம். நான் கொஞ்சம் பெருமையாகவே, வண்டி நன்றாக ஓடும் என்றேன். "ஓடாட்டியும் பரவாயில்ல சார், நின்னாப் போதும்" என்றார். அதை ஓடவைக்க நான் பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியப்போகிறது? உங்களுக்காவது சொல்கிறேன்.

அது அப்பா ஓட்டிய வண்டி. கம்பெனி பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். வயதானவர்களுக்கு அடையாளம் சொன்னாலே புரியும்: உதைக்கிற கம்பியையே மடக்கினால் கியராகிவிடும், பின்பக்கம் இரண்டு சைலன்சர், பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். அந்தப் புகைக்கு ஒரு வாசனை உண்டு. தலைவலிக்கும், ஆனால் பிடிக்கும். அப்பா மதகைத் தாண்டி வரும்போதே சத்தம் வீட்டுக்குக் கேட்டுவிடும். அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

அப்பா வண்டி ஓட்டுவதை விட்டபிறகு அதை ஓட்டியது அண்ணன்தான். நான் பின்சீட்டு ஆசாமி. ஒருமுறை அதிராம்பட்டினம் போய் நண்டு வாங்கிவந்தோம். பையை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தார். பாதி வழியில் நண்டு ஒன்று பையைக் கிழித்துக்கொண்டு டேங்க்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அண்ணன் இரண்டு காலையும் அகட்டித் தூக்கிக்கொண்டு வண்டியை ஓட்டிய அழகு இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். சத்தம் கம்பீரமாக இருக்கவேண்டும் என்று சைலன்சருக்குள் இருந்த குழாய்களை அந்த நாட்களில்தான் அவர் பிடுங்கியெறிந்தார்.

அப்பா இறந்தபிறகு சொத்தைப் பிரித்தோம். பெரிய சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டதில் மதகடி வயல் எனக்கு விழுந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதலில் நனையும் நிலம் அது. அண்ணன் வருஷக்கணக்கில் உழுத நிலமும் அதுதான். நானோ தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. "ஃபேன் காத்துல உக்காந்திருக்கறவனுக்கு எதுக்குடா மதகடி வயல்?" என்றார் அண்ணன். சீட்டில் விழுந்ததற்கு நான் என்ன செய்வது என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை. வார்த்தை தடித்தது. வீட்டின் நடுவே சுவர் வந்தது, அது கொல்லைவரைக்கும் நீண்டது. அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் என் மனைவியும் அண்ணியும் மட்டும் சுவரைச் சட்டை செய்யாமல் குழம்புக் கிண்ணத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி அப்போதே ஓடவில்லை. நெல் கொட்டும் பத்தாயத்துக்குப் பக்கத்தில் கோணிச் சாக்கு போர்த்திக் கிடந்தது. ஓடாத வண்டியைப் பாகத்தில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பத்தாயம் இருந்த அறை என் பக்கம் வந்ததால் வண்டியும் என் பக்கம் வந்தது.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவுடன் அதைக் கையில் எடுத்தேன். பொழுதுபோகவில்லை, அதனால்தான் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. பக்கத்தில் இருந்துகொண்டே அண்ணன் இருமுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை. நேரே போய்ப் பேசவும் வாய் வரவில்லை. அந்த வண்டியின் சத்தம் கேட்டால் அவர் எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. வண்டியைக் கொல்லைச் சுவரோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

என் தொழில்திறமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நான் கழற்றிய பெரிய இயந்திரம் பேனா. செல்போனில் யாரோ ஒருவர் இந்தியில் விளக்குவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எனக்கு இந்தி தெரியாது. கழற்றிய போல்ட்டுகள் கலந்துவிடாமல் இருக்க மனைவியின் இட்லித் தட்டை எடுத்து, குழிக்கு ஒரு வகையாகப் போட்டு வைத்தேன். நல்ல யோசனைதான். அந்தத் தட்டில் பிறகு இட்லி வேகவில்லை என்பதோடு, எனக்கும் சில நாள் இட்லி கிடைக்கவில்லை. கார்புரேட்டரைக் கழுவி மாட்டியபோது ஒரு சின்ன ஸ்பிரிங் மிஞ்சியது. கம்பெனிக்காரன் அதிகப்படியாகப் போட்டிருப்பான் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மாட்டி உதைக்க ஆரம்பித்தேன். சாயந்தரம் ஆனால் உதைப்பது, மூச்சு வாங்கினால் உட்காருவது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆனால் இருமல் வழக்கத்தைவிடக் கிட்டே கேட்டது. அப்படி ஒரு சாயந்தரம்தான் குரல் வந்தது.

"பொத்தான அமுக்குனியாடா?"

அந்த வண்டியில் கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. பெட்ரோல் கசியும்வரை அதை அமுக்கிவிட்டுத்தான் உதைக்க வேண்டும். "இல்லண்ணே" என்றேன்.

அண்ணன் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். கார்புரேட்டரைத் திறந்தவர், ஸ்பிரிங் எங்கே என்று கேட்டார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். பிளக்கை மாற்றினோம், காயிலை மாற்றினோம், தஞ்சாவூர் கீழவாசல் கடைகளில் தேடி ஒயரெல்லாம் வாங்கிவந்து மாற்றினோம். வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிவிடும். நாங்கள் பேசியதெல்லாம் ஸ்பானரைக் கொடு, துணியைக் கொடு என்பதுதான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

கடைசியில் ஒருநாள் அண்ணன் என்னை உதைக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்தார். காற்றே வரவில்லை. இரண்டையும் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினோம். நெல் கொட்டியது. கறுத்துப்போன பழைய நெல். அண்ணன் குழாய்களைப் பிடுங்கியிருந்தது சுண்டெலிகளுக்கு வசதியாகப் போய்விட்டது. பக்கத்துப் பத்தாயத்திலிருந்து சுமந்துவந்து உள்ளே இறுக்கி வைத்திருக்கின்றன. அண்ணன் குனிந்து இரண்டு குவியலையும் கையால் அளைந்து பார்த்தார்.

"இது பாகம் பிரிக்கறதுக்கு முன்னாடி வெளஞ்ச நெல்லுடா. எலி பாரு, சண்டையில்லாம சரிபாதியாப் பிரிச்சு வச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அண்ணி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மதகடி வயலைப் பற்றி நாங்கள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

வண்டி ஓடியது. அண்ணன் ஓட்ட, நான் பின்னால் உட்கார, மன்னார்குடி போய்க் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தோம். வந்ததும் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, "சரிடா" என்று சொல்லி அவர் தன் வீட்டுக்குப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சரியாக ஓடுகிற வண்டியைப் பார்க்க அவர் எதற்கு வரவேண்டும்? சும்மா வந்து உட்கார்ந்து பேசுகிற பழக்கம் எங்களுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

நான் பிளக் மூடிக்குள் போகும் ஒயரைக் கொஞ்சம் திருகித் தளர்த்திவைத்தேன். மூடி மூடியபடியே இருக்கும், வெளியில் பார்த்தால் தெரியாது. பிறகு வண்டியை உதைத்தேன். பத்து உதைக்குள் அண்ணன் வந்துவிட்டார். டேங்க்கைப் பார்த்தார், கார்புரேட்டரைக் கழற்றினார், பெட்ரோல் குழாயை ஊதினார். காபி குடித்தார். இருட்டுகிற நேரத்தில்தான் அந்த ஒயரிடம் வந்தார். இத்தனை நாள் வண்டியோடு பழகியவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. இப்படியே வாரம் ஒருமுறையாவது வண்டிக்குக் கோளாறு வந்தது.

ஒருநாள் மனைவியோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்து உதைத்தேன். பிடிக்கவில்லை. அன்று நான் எதையும் தொடவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அதே ஒயர், அதே இடத்தில் தளர்ந்திருந்தது. மூடியை அப்படியே திரும்பப் போட்டேன்.

"அண்ணே, ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டேன்.

"வரேன் இரு" என்றார். கையில் ஸ்பானரோடு வந்தார்.

அதற்குப் பிறகு எந்தக் கோளாறு யார் செய்தது என்று நான் கவனிப்பதை விட்டுவிட்டேன். சில மழைக்காலங்கள் அப்படிப் போயின. என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அண்ணன் போன வருஷம் போய்ச்சேர்ந்தார். நடவு முடிந்த சமயம். படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை. அண்ணி மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. வண்டி இப்போது முதல் உதையிலேயே பிடித்துக்கொள்கிறது. ஒருநாள் அந்த ஒயரைத் தளர்த்திவைத்துப் பார்த்தேன். சாயந்தரம்வரை தளர்ந்தேதான் இருந்தது. நானே திருகி மாட்டினேன்.